முதலாளிக் கண்

லுசேர்ண், 11.02.2024

அன்பான கஜா அக்காவுக்கு,

தம்பி மூர்த்தி எழுதுறன். நானும் வேணுகாவும் சுகமா இருக்கிறம். உங்கடை இடுப்பு நோவு குறைஞ்சுதோ, அத்தான் பிரஷர்க் குளிசையை ஒழுங்கா எடுக்கிறாரோ எண்டு எழுதுங்கோ.

ஒரு விசயம், சிரிக்காதேங்கோ. நான் வேட்டைச் சோதினை எடுக்கிறன். எழுத்துப் பகுதி போன கிழமை பாஸ்.

எங்கடை ஹோட்டல் குசினிக்கு ஒவ்வொரு ஒக்டோபரும் பின்கதவாலை மான் கொண்டுவாற ரூடி எண்ட மனிசனைப் பற்றி முந்தி எழுதியிருக்கிறன். இருபத்திரண்டு வருசமா அந்த இறைச்சியை வைனிலை ஊறப்போட்டுக் காய்ச்சுறன். முந்தி உயிரோடை ஒண்டையும் கண்டதில்லை. நாலு வருசத்துக்கு முதல் அவனிட்டை, இது எங்கையிருந்து வருது, ஒருக்காக் காட்டு எண்டு கேட்டன். அண்டைக்குத் தொடங்கினது. மூண்டு இலையுதிர் காலம் ஒறேஞ் சட்டை போட்டுத் தடியாலை மரத்திலை தட்டித் தட்டி மான் கலைச்சன். அக்கா, காட்டிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கொம்பு ஊதுவினம், கை காட்டுவினம், அவ்வளவுதான். நாலு மணித்தியாலம் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். எனக்கு அது சரியாப் பிடிச்சுப்போச்சு.

இப்ப சூட்டுச் சோதினைக்குப் பழகவேணும். ரூடி தன்ரை தகப்பன்ரை துவக்கிலை பழகச் சொல்லுறான். அதிலை ஸ்கோப் இல்லை. ஜெர்மனிலை அதுக்கு 'சீல்ஃபேர்ன்ரோர்' எண்டு பேர். குறி, தூரம், குழாய் மூண்டையும் ஒட்டி ஒரு சொல்லு செய்து வைச்சிருக்கிறாங்கள். எங்கடை காட்டிலையோ தூரமே இல்லை. மரம் நெருக்கம். முப்பது மீற்றரிலை மான் வரும், அறுபதுக்கு அங்காலை மரம்தான் தெரியும்.

கடைக்காரன் 3-12x56 எண்டு ஒண்டைத் தூக்கி வைச்சான், எங்கடை குசினியிலை மிளகு அரைக்கிற கட்டை அளவு. ரூடி 1-6x24 காணும் எண்டுறான். நீங்கள் பத்தொன்பது வருசமாக் கண்ணாடிக் கடைப் பின்னறையிலை வில்லை தேய்க்கிறியள். இந்த இலக்கங்கள் என்ன சொல்லுது? போனிலை கேட்டிருக்கலாம். என்ரை கொன்னை வாயாலை இந்த இலக்கத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை கடையைப் பூட்டிப்போடுவான்.

உங்கள் தம்பி,
மூர்த்தி


ஃப்ரிபூர்க், 20.02.2024

என்ரை தம்பிக்கு,

கடிதம் கிடைச்சு இரண்டு தரம் வாசிச்சன். நாங்கள் சுகம். இடுப்பு அப்பிடியேதான், அதோடை பழகிப்போச்சு. அத்தான் குளிசையைக் கையிலை எடுத்து என்னைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டிட்டுத்தான் விழுங்குவார்.

நீ மான் சுடப் போறாய். வெள்ளிக்கிழமை முட்டை தொடாத குடும்பத்திலை இப்பிடி ஒரு பிள்ளை. அத்தான் சொல்லுறார், தொடை ஒண்டு அனுப்பினால் தான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டாராம்.

இலக்கத்துக்கு வாறன். முதலாவது, எத்தினை மடங்கு கிட்டக் காட்டும் எண்டது. 1-6 எண்டால் ஒரு மடங்கிலை இருந்து ஆறு வரைக்கும் திருப்பலாம். கடைசி இலக்கம், முன்பக்கத்து வில்லையின்ரை அகலம், மில்லிமீற்றரிலை. கடைசியை முதலாவதாலை பிரிச்சால், உன்ரை கண்ணுக்கு வந்து சேருற வெளிச்சத்தின்ரை அகலம் வரும். ஐம்பத்தாறைப் பன்னிரண்டாலை பிரி, அஞ்சு கூட வராது. இருபத்துநாலை நாலாலை பிரி, ஆறு. எங்கடை வயதிலை கண்மணி எவ்வளவு இருட்டிலையும் அஞ்சுக்கு மேலை விரியிறது கஷ்டம். ஆனபடியால் பொழுதுபடேக்கை சின்னக் குழாயை நாலிலை வைச்சால் உனக்குத் தாராளம். மிச்ச வெளிச்சம் உன்ரை கன்னத்திலைதான் விழும்.

ஆனால் உன்ரை கேள்வி வெளிச்சம் இல்லை எண்டு நினைக்கிறன். மான் நிக்குமோ, ஓடுமோ? ஓடுற மான் எண்டால் பெரிசாத் தெரியிறதிலை பிரயோசனம் இல்லை. எங்கையிருந்து வருது, எங்கை போகப்போகுது எண்டு தெரியவேணும். பெருப்பிக்கப் பெருப்பிக்கப் பாக்கிற இடம் சுருங்கும். கடைக்கு வெளியிலை கொண்டுபோய் இரண்டையும் கண்ணிலை வைச்சுப் பார். என்ன கண்டாய் எண்டு எனக்கு எழுது. எனக்கும் ஆசையா இருக்கு. நான் தேய்க்கிற வில்லை எல்லாம் பேப்பர் வாசிக்கிற ஆக்களுக்குத்தான் போகுது.

உன்ரை அக்கா,
கஜலக்சுமி


லுசேர்ண், 10.03.2024

அன்பான அக்கா,

எல்லாரும் சுகம், என்ரை வலப்பக்கப் புருவத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்லுறன்.

நீங்கள் சொன்னமாதிரிக் கடை வாசலிலை நிண்டு பாத்தன். எதிரிலை பஸ் தரிப்பு. பெரிய குழாயைப் பன்னிரண்டிலை வைச்சன். ஒரு மனிசியின்ரை காதும் அதிலை ஒரு முத்துத் தோடும், வேறை ஒண்டும் இல்லை. அந்தக் காது ஆரின்ரை எண்டு தேட எனக்கு அரை நிமிசம் எடுத்தது. மூண்டிலை வைச்சன், மனிசியும் அவவின்ரை பையும். பிறகு சின்னக் குழாயை ஒண்டிலை வைச்சன். முழுத் தரிப்பு, வந்து கொண்டிருந்த பஸ், ஏறுறதுக்கு ஓடி வந்த ஒரு பொடியன், எல்லாம் ஒரே பார்வையிலை. அந்தப் பொடியன்தான் எனக்கு மான். சின்னனையே வாங்கினன். நடுவிலை ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அதை மானிலை வைச்சால் சரி.

புருவக் கதை இதுதான். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையிலை ஒன்பது சென்ரிமீற்றர் விடவேணுமாம். நான் இன்னும் வடிவாப் பாக்கிற ஆசையிலை முகத்தைக் கிட்டக் கொண்டுபோனன். வெடி வைக்க, துவக்குப் பின்னாலை உதைக்க, விளிம்பு புருவத்தைப் பிறை மாதிரி வெட்டிப்போட்டுது. வேணுகா மருந்து போட்டுக்கொண்டே பேசினா, பேசிக்கொண்டே படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினா. உங்களுக்கும் வந்திருக்கும்.

ஆனால் அக்கா, ஒண்டு விளங்கேல்லை. மேசையிலை துவக்கை வைச்சு, இடக்கண்ணை மூடி, ஆறிலை வைச்சுச் சுட்டால் எல்லாம் நடுவிலை விழுது. கிட்டத்து வேட்டைக்கு அப்பிடிச் சுடக்கூடாதாம். ஒண்டிலை வைச்சு இரண்டு கண்ணையும் துறந்து சுடவேணுமாம், அப்பதான் சுத்திவரத் தெரியும். ரூடிக்கு அது சர்வசாதாரணம். எனக்கு இரண்டு கண்ணையும் துறந்தவுடனை சிவப்புப் புள்ளி காணாமல் போகுது. இருக்கும், பிறகு இல்லை, பிறகு வேறை எங்கையோ நிக்கும். வெடியும் அதுக்கேற்றமாதிரி ஊர் சுத்துது. ஸ்கோப் பழுதோ? மாத்தவோ?

உங்கள் மூர்த்தி


ஃப்ரிபூர்க், 14.03.2024

தம்பி,

புருவப் படம் பாத்தன். தையல் போடாமல் விட்டது நல்லது. இஞ்சை எல்லாரும் சுகம், மற்ற விசயங்கள் பிறகு எழுதுறன். இதைக் கெதியாத் தபாலிலை போடவேணும்.

ஸ்கோப்பை மாத்தாதை. அதிலை பழுதில்லை.

ஒரு சின்ன வேலை செய். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, உள்ளங்கையளைச் சேத்து நடுவிலை ஒரு சின்ன ஓட்டை விடு. இரண்டு கண்ணும் துறந்தபடி அந்த ஓட்டைக்குள்ளாலை சுவர் மணிக்கூட்டைப் பார். பிறகு ஒரு கண்ணை மூடு. பிறகு மற்றதை மூடு. எந்தக் கண்ணை மூடேக்கை மணிக்கூடு மறையுது எண்டு எழுது.

ஆக்களுக்குக் கை மாதிரித்தான் கண்ணும். ஒண்டு சொல்லுறதை மற்றது கேக்கும். இஞ்சை பிரெஞ்சிலை அதுக்குப் பெரிய பேர் ஒண்டு இருக்கு. நான் முதலாளிக் கண் எண்டு சொல்லுவன். சும்மாதான் கேக்கிறன், பயப்பிடாதை.

அக்கா


லுசேர்ண், 24.03.2024

அன்பான அக்காவுக்கு,

இஞ்சை சுகம். புருவம் காஞ்சிட்டுது. அத்தானுக்குச் சொல்லுங்கோ, தொடைக்கு இன்னும் கனநாள் இருக்கு.

உங்கடை ஓட்டை விளையாட்டாலை எங்கடை குசினி ஒரு மணித்தியாலம் நிண்டுபோச்சு. நான் செய்யிறதை செஃப் கண்டிட்டுத் தானும் செய்தார். பிறகு கோப்பை கழுவுற கிஷோபன், பிறகு பேஸ்ரி போடுற போத்துக்கல் பிள்ளை. ஆளாளுக்கு மணிக்கூட்டைப் பாத்து ஒற்றைக் கண்ணை மூடுறம், மானேஜர் வந்து வாசலிலை நிக்கிறார். எல்லாருக்கும் வலக்கண் முதலாளி. எனக்கு இடக்கண்ணை மூடினால் மணிக்கூடு மறையுது. ஆறு தரம் செய்தன், ஆறு தரமும் அதுதான்.

ஆனபடியால் விளங்கினது இவ்வளவு. ஸ்கோப் இருக்கிறது வலக்கண்ணுக்கு முன்னாலை. இரண்டையும் துறந்தால் இடக்கண் முதலாளி, நான் பாக்கிறன் நீ பேசாமல் இரு எண்டுது. அதுக்கு முன்னாலை புள்ளி இல்லை. அதுதான் புள்ளி மறையுது. சரிதானே?

இப்ப எனக்கு இன்னொரு கேள்வி வந்திட்டுது. ரூடியிட்டை இதைச் சொன்னன். அவன் கேட்டான், நீ இடக்கையனோ எண்டு. இல்லை எண்டன். உடனை தன்ரை கார்த் திறப்புக் கொத்தை என்னை நோக்கி எறிஞ்சான். நான் பிடிச்சன். பிடிச்ச பிறகு கையைப் பாத்தால் இடக்கை. அண்டையிலிருந்து என்னை நானே உளவு பாக்கிறன். பானைக்குள்ளை அகப்பை போட்டுக் கிண்டுறது இடக்கை. போத்தல் மூடி துறக்கிறது இடக்கை. எழுதுறதும் சாப்பிடுறதும் மட்டும் வலக்கை. வேணுகாவைக் கேட்டன், இருபத்தாறு வருசமாக் கவனிக்கேல்லையோ எண்டு. தனக்கு வேறை வேலை இருந்ததாம்.

அக்கா, நான் சின்னனிலை இடக்கையோ? அம்மாவும் ஐயாவும் இல்லை. கேக்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

தம்பி மூர்த்தி


ஃப்ரிபூர்க், 28.04.2024

என்ரை தம்பி,

பதில் பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள். கடையிலை சாமான் கணக்கெடுப்பு, பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு யதுஷாவுக்குக் காய்ச்சல். பிள்ளை இந்த வருசத்தோடை படிப்பை முடிக்கிறாள், இரவு பகல் இல்லாமல் இருந்து வாசிக்கிறாள். இப்ப எல்லாரும் எழும்பிட்டம். உன்ரை கொலஸ்ரோல் பாத்தாச்சோ? போன முறை டொக்ரர் என்ன சொன்னவர் எண்டு நீ எழுதவேயில்லை.

உனக்கு ஒரு சின்னப் பாசல் அனுப்பியிருக்கிறன். அதிலை மங்கலான டேப் ஒண்டு இருக்கு, கண்ணாடி பழுது பாக்கேக்கை நாங்கள் ஒட்டுறது. நீ சுடேக்கை போடுற கண்ணாடியிலை, இடப்பக்க வில்லைக்கு நடுவிலை விரல் நகம் அளவு வெட்டி ஒட்டு. இரண்டு கண்ணும் துறந்திருக்கும், வெளிச்சமும் வரும், ஆனால் முதலாளிக்கு நடுவிலை மட்டும் தெரியாது. அப்ப வலக்கண் வேலையைப் பாக்கும். கனபேர் இப்பிடித்தான் செய்யினம். ஸ்கோப்பை ஒண்டிலை வைக்காமல் இரண்டிலை வைச்சும் பார், அதுவும் கொஞ்சம் உதவும்.

மற்றது நீ கேட்டது. சின்னப்பிள்ளையள் இரண்டு கையாலையும்தானே எல்லாம் செய்வினம்.

குளிருக்குக் கவனம். காட்டுக்குப் போகேக்கை உள்ளுக்கு இரண்டு சட்டை போடு.

அக்கா


லுசேர்ண், 16.06.2024

அன்பான அக்கா,

சுகமா இருப்பியள் எண்டு நம்புறன். யதுஷாவின்ரை காய்ச்சல் மாறினது சந்தோசம். எனக்குக் கொலஸ்ரோல் ஏறேல்லை, இறங்கவும் இல்லை.

நேற்றுச் சூட்டுச் சோதினை. நிண்ட மான், அட்டையிலை கீறினது, நாலு வெடி, நாலும் நெஞ்சிலை. உங்கடை டேப் நல்ல வேலை செய்தது. பிறகு ஓடுற மான். அதுவும் அட்டைதான், தண்டவாளத்திலை ஒருக்கா வலத்திலை இருந்தும் ஒருக்கா இடத்திலை இருந்தும் வரும். வலத்தாலை வந்தது சரி. இடத்தாலை வாறதை டேப் மறைச்சுப்போட்டுது. நடுவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியுது, நான் துவக்கைத் திருப்ப அது போயிடுது. டேப்பைக் கழட்டினால் புள்ளி மறையுது. ஃபெயில்.

ஓகஸ்ட் 24 இன்னொரு தரம் விடுவினம். அதிலையும் விட்டால் இரண்டு வருசம் பொறுக்க வேணும். அக்கா, ரூடியின்ரை கூட்டத்திலை ஒரு இடம்தான் இருக்கு. ஒருத்தர் வயது போய் விலகினவர். அவை என்னைத்தான் கேட்டவை, நானாக் கேக்கேல்லை. இந்த நாட்டிலை முப்பது வருசம் இருக்கிறன், நான் கேளாமல் என்னை ஒரு இடத்துக்கு வா எண்டு கூப்பிட்டது இவைதான். இரண்டு வருசம் அந்த இடம் சும்மா இருக்காது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இது போனால் பேந்து வராது. நேற்று வீட்டை வந்து கார் விடுற கராச்சிலை இருந்து அழுதன். வேணுகாவுக்குத் தெரியாது.

துவக்குச் சுடப் பழக்கிற பொம்பிளை ஒரு விசயம் சொன்னா. துவக்கை இடத்தோளுக்கு மாத்தினால் எல்லாம் தீரும், முதலாளிக் கண்ணுக்கு முன்னாலையே ஸ்கோப் வந்திடும், டேப் தேவையில்லை. ஆனால் பிறவி வலக்கையனை இந்த வயதிலை பத்துக் கிழமையிலை தோள் மாத்த ஏலாதாம், இருக்கிறதும் கெட்டுப்போகும். பிறவி இடக்கையன் எண்டால் ஒரு நாளும் யோசியாமல் மாத்தச் சொல்லுறா. கைக்குத் தெரிஞ்சிருக்குமாம்.

ஆனபடியால் நான் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். போன முறை கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி எழுதேல்லை. சின்னப்பிள்ளையள் எல்லாரும் எண்டு எழுதினியள். நான் எல்லாரையும் கேக்கேல்லை. ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல்லு எழுதுங்கோ, காணும்.

மூர்த்தி


லுசேர்ண், 07.07.2024

அக்காவுக்கு,

வீட்டிலை எல்லாரும் சுகமோ? மூண்டு கிழமை போச்சு. வேணுகா போன் எடுத்தவ, நீங்கள் வேலையிலை எண்டு அத்தான் சொன்னாராம், ஞாயிற்றுக்கிழமை.

என்னோடை கோபமோ? நான் என்ன பிழை கேட்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை. பத்துக் கிழமையிலை மூண்டு போயிட்டுது. ஸ்கோப்பைத் திருப்பிப் பூட்டத் தேவையில்லை, அதுக்கு வலம் இடம் எண்டு ஒண்டும் இல்லை. எந்தத் தோளிலை வைச்சாலும் அது வேலை செய்யும். எனக்குத்தான் எந்தத் தோள் எண்டு தெரியாமல் கிடக்கு.

தம்பி


ஃப்ரிபூர்க், 10.07.2024

என்ரை தம்பி மூர்த்தி,

ஓம்.

நீ இடக்கையன். பிறந்ததிலிருந்து. இதை வாசிச்சவுடனை துவக்கைத் தோள் மாத்து, மிச்சத்தைப் பிறகு வாசி.

உனக்கு மூண்டரை வயதிலை ஏடு தொடக்கினது. ஐயர் பச்சையரிசியைப் பரப்பி, கையைத் தா எண்டவர். நீ இடக்கையை நீட்டினாய். அவர் தட்டிப்போட்டு மற்றதை எடுத்தார். நீ அதை இழுத்துப்போட்டுத் திரும்பவும் இடக்கையை அரிசிக்குள்ளை வைச்சாய். எல்லாரும் சிரிச்சினம். ஐயாவுக்கு வெக்கம். வீட்டை வந்து அம்மாவைப் பேசினார், பிள்ளைக்குச் சோத்துக்கை எது எண்டு தெரியாது, நாளைக்குப் பந்தியிலை இருந்து பீச்சங்கையாலை அள்ளுவான் எண்டு. அம்மாவுக்கு வயல் வேலை. என்னைக் கூப்பிட்டா. எனக்கு எட்டு வயது. தம்பியின்ரை கையை மாத்திறது உன்ரை பொறுப்பு எண்டா.

நீ சாப்பிடேக்கை உன்ரை இடப்பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சுக் கொண்டிருப்பன். அது காணாமல் போச்சு. ஐயா சப்பாத்துக்குப் போடுற கால்மேசு ஒண்டை எடுத்து உன்ரை கைக்குப் போட்டு, முழங்கைக்குக் கிட்ட என்ரை தலை ரிபனாலை கட்டினன். அப்பிடிச் செய்யச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. அது என்ரை யோசனை. விடிய எழும்பினதிலிருந்து நித்திரை கொள்ளும் வரைக்கும். முதல் கிழமை நீ அழுதாய். பிறகு அழுறதை விட்டிட்டாய். மூண்டு மாதத்திலை வலக்கையாலை சாப்பிட்டாய், வலக்கையாலை 'அ' எழுதினாய். ஐயா எனக்குக் கெட்டிக்காரி எண்டு சொல்லிப் புதுச் செருப்பு வாங்கித் தந்தவர். எனக்கு அது பெருமையா இருந்தது. அதையும் உனக்கு எழுதத்தான் வேணும்.

அந்த மூண்டு மாதத்துக்குள்ளைதான் உனக்குக் கொன்னை வந்தது. முதலிலை 'தண்ணி' எண்ட சொல்லு. த, த எண்டு நிண்டாய். விளையாடுறாய் எண்டு நினைச்சுச் சிரிச்சன். பிறகு எல்லாச் சொல்லும். அம்மா உன்னைப் பரியாரியிட்டையும் கோயிலுக்கும் கொண்டு திரிஞ்சா. எப்ப தொடக்கம், ஏன் எண்டு எல்லாரையும் கேட்டா. என்னையும் கேட்டா. தெரியாது எண்டன். கால்மேசைக் கழட்டிக் கிணத்தடிக் கொடியிலை போட்டிட்டு, தெரியாது எண்டன்.

எங்கடை கடைக்கு வாற பேச்சுப் பழக்கிற ஒரு பொம்பிளையிட்டை ஒருக்காக் கேட்டன், இப்பிடி நடக்குமோ எண்டு. முந்தி அப்பிடி நினைச்சவை, இப்ப கன டொக்ரர்மார் சம்பந்தம் இல்லை எண்டுதான் சொல்லுவினம் எண்டா. பிள்ளையள் அந்த வயதிலைதான் கொன்னத் தொடங்குவினமாம், மேசு போட்டாலும் போடாட்டிலும். எனக்கு அது ஆறுதலா இருக்கவேணும். இருக்கேல்லை.

நீ புள்ளி மறையுது எண்டு எழுதின அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. டேப் அனுப்பினது உன்னை ஏமாத்த. டேப்பாலை நீ பாஸ் பண்ணியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டன். என்னைப் பற்றி எனக்கு இப்ப தெரிஞ்சது இதுதான்.

வெறுத்தால் வெறு. ஆனால் பழகு. ஆறு கிழமை இருக்கு.

கஜா


லுசேர்ண், 01.09.2024

அன்பான கஜா அக்காவுக்கு,

சுகமோ? அத்தானும் யதுஷாவும் சுகமோ? நான் ஏழு கிழமை எழுதாமல் விட்டது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். கொஞ்சம் வேணுமெண்டும்தான் விட்டனான். பொய் சொல்லேல்லை.

பாஸ்.

உங்கடை கடிதம் வந்தண்டு பின்னேரம் ரூடியோடை சூட்டுத் திடலுக்குப் போனன். துவக்கை இடத்தோளிலை வைச்சன். பழக்கிற பொம்பிளை சொன்னமாதிரிக் கைக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு எழுத ஆசை, அப்பிடி நடக்கேல்லை. முதல் இரண்டு கிழமை கேவலம். அடுத்த தோட்டாவுக்கு இழுக்கிற பிடி துவக்கின்ரை வலப்பக்கம் இருக்கு, எனக்குக் கை குறுக்கை மறுக்கை போச்சு. ஆனால் புள்ளி மறையேல்லை, அக்கா. இரண்டு கண்ணும் துறந்தபடி, முழுத் திடலும் தெரிஞ்சபடி, நடுவிலை அந்தச் சிவப்பு ஆடாமல் அசையாமல் நிண்டுது. எல்லாரும் இப்பிடித்தான் பாக்கிறவையோ எண்டு ரூடியைக் கேட்டன். ஓம் எண்டான். அது எனக்குப் புதினமாப் போச்சு. மூண்டாம் கிழமை வலக்கை தானாவே பிடியை இழுக்கப் பழகிட்டுது. போன சனிக்கிழமை ஓடுற மான் எட்டிலை ஏழு. இடத்தாலை வந்த நாலும் விழுந்தது.

ஒக்டோபர் முதல் வேட்டை. இனித் தடியோடை இல்லை.

இப்ப மற்ற விசயம். உங்கடை கடிதத்தை வாசிச்சு எனக்குக் கொதி வந்தது. செருப்பு வாங்கித் தந்த இடத்திலை வந்தது, மேசு கட்டின இடத்திலை வரேல்லை. எட்டு வயதுப் பிள்ளையிட்டை அப்பிடி ஒரு வேலையைக் குடுத்தவையிலையும் வந்தது. பிறகு வேணுகாவிட்டை வாசிச்சுக் காட்டினன். அவ அழுதா, உங்களுக்காக, எனக்காக இல்லை. கொன்னை எதாலை வந்தது எண்டு யோசிக்கிறதை நான் விட்டுக் கனகாலம். மேசாலையோ, இல்லாட்டில் அது தானா வந்ததோ, ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாப்பத்தெட்டு வருசம் தெரியாத ஒண்டுக்காக நீங்கள் உங்களுக்கே தண்டனை போட்டுக்கொண்டிருந்திருக்கிறியள். அதிலை பாதியை நானும் அனுபவிச்சிருக்கிறன். எப்பிடி எண்டு சொல்லுறன்.

எனக்குப் போன் கஷ்டம் எண்டு நீங்கள் நினைக்கிறியள். நானும் அப்பிடித்தான் சொல்லித் திரியிறன். ஆனால் ரூடியோடை போனிலை கதைக்கிறனான். செஃப் விடிய அஞ்சு மணிக்கு எடுப்பார், கதைக்கிறனான். கொன்னிக் கொன்னித்தான், ஆனால் முடிப்பன். அவை பொறுத்திருப்பினம். உங்களோடை மட்டும்தான் நான் கதைக்கிறதை விட்டனான். நான் ஒரு சொல்லிலை நிண்டால் நீங்கள் உடனை அதைச் சொல்லி முடிச்சுவிடுவியள். சின்னனிலை இருந்து. ஒவ்வொரு தரமும் சரியாத்தான் முடிப்பியள், அதுதான் எனக்குக் கூடக் கொதி. அது பாசம் எண்டு நினைச்சன். இப்பதான் விளங்குது, நான் நிக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்க உங்களாலை ஏலாது.

வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு நான் உங்களுக்குப் போன் எடுப்பன். கனக்கக் கதைக்க இருக்கு. நேரம் எடுக்கும். அடுப்பிலை ஒண்டும் வைக்காதேங்கோ. நான் என்ன சொல்லப்போறன் எண்டு உங்களுக்கு முதலே விளங்கினாலும், நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் துறக்காதேங்கோ.

உங்கள் தம்பி,
உருத்திரமூர்த்தி